திரும்ப மாட்டத் தெரியுமா?

இதில் அவள் பெயர் இருக்காது. "உன்னப் பத்தி எழுதப் போறேன்டி" என்று போனில் சொன்னேன். "எழுது. பேர மட்டும் போடாத. அச்சுல ஏறிட்டா திரும்ப எடுக்க முடியாதுல்லா?" என்றாள். ஆள் முழுசாக அந்த ஒரு வாக்கியத்திலேயே வந்துவிட்டாள். மேற்கொண்டு நான் எழுத என்ன இருக்கிறது என்றுகூடத் தோன்றியது. ஆனால் சும்மா இருக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே வயது, ஒரே டிப்ளமோ. எனக்கு அரக்கோணம் பக்கம், அவளுக்குக் கோவில்பட்டியை ஒட்டிய ஒரு கிராமம். ஒரகடத்தில் வண்டிகளுக்கான எலெக்ட்ரானிக் போர்டு செய்யும் ஒரு கம்பெனி. என்னை டெஸ்ட் லைனில் போட்டார்கள். போர்டைச் சோதனை அச்சில் வைத்து மூடியை அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். பச்சை எரிந்தால் பாஸ், சிவப்பு எரிந்தால் ஒதுக்கு. வேகம்தான் அங்கே திறமை, எனக்கு அது கூடவே பிறந்தது. நான் ஒதுக்கிய சிவப்பெல்லாம் ரீவொர்க் மேசைக்குப் போகும். அங்கே அவள் உட்கார்ந்திருப்பாள்.

ரீவொர்க் என்றால், கெட்ட பாகத்தைச் சூடு காட்டிக் கழற்றிவிட்டு நல்லதை வைத்து ஒட்டுவது. மற்ற பெண்கள் போர்டு கைக்கு வந்ததும் சூட்டுக்குழாயை எடுப்பார்கள். இவள் பென்சிலை எடுப்பாள். எந்த மூலையில் புள்ளி இருந்தது, எந்தக் கால் எதைப் பார்த்து நின்றது என்று துண்டுக் காகிதத்தில் வரைந்த பிறகுதான் சூடு. சூப்பர்வைசர் வந்து நின்று பார்ப்பார்.

"ஏம்மா, இங்க டிராயிங் கிளாஸா நடக்குது?"

"கழட்டுன பெறகு வரைய முடியாதுல்லா சார்."

"மத்தவங்க இந்நேரம் நாலு முடிச்சிட்டாங்க."

"அதுல ரெண்டு எங்கிட்டதான் திரும்பி வரும் சார்" என்பாள், தலையைத் தூக்காமல். வரவும் செய்யும். அவள் கை பட்டுப் போன போர்டு மட்டும் என் மேசையில் இரண்டாவது தடவை சிவப்பு காட்டியதே இல்லை. சூப்பர்வைசருக்கு அது தெரியும். அதனால் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார்.

இது மேசையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புதுச் செருப்பு வாங்கினால் பழையதைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவாள். மெஸ் மாற்ற வேண்டும் என்றால் காலை இங்கே, மதியம் அங்கே என்று ஒரு வாரம் ஓட்டுவாள். ஒருமுறை எங்கள் அறைப் பெண்கள் எல்லோரும் முடி வெட்டிக்கொள்ள ஸ்ரீபெரும்புதூர் பார்லருக்குப் போனோம். எங்கள் தொல்லை தாங்காமல் அவளும் நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியைக் கட்டி, தண்ணீர் தெளித்து, கத்திரியை எடுத்தாயிற்று.

"அக்கா, வெட்டுனது பிடிக்கலன்னா?"

"வளந்துரும்மா."

"இதே நீளத்துக்கு வர எத்தன மாசமாவும்?"

பார்லர் அக்கா ஒரு கணக்கைச் சொன்னார். இவள் துணியை அவிழ்த்து மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அறையில் அவளுக்கு 'ரிவர்ஸ் கியர்' என்று பெயர் வைத்தோம். சரியான பயந்தாங்கொள்ளி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று மாமல்லபுரத்தில்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் போயிருந்தோம். இறங்கியதுமே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டாள். நம்பாமல் டீக்கடைக்காரரிடமும் கேட்டாள். நாங்கள் கரையில் நின்று சுடிதாரை எவ்வளவு தூக்குவது என்று விவாதித்துக்கொண்டிருந்தபோது அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். அதற்கு முன் கடலையே பார்த்திராதவள்.

"ஏய், பயமா இல்லியாடி?"

"கர எங்க இருக்குன்னு தெரியுதுல்லா? பெறகென்ன?" என்று கத்திவிட்டு அடுத்த அலைக்குள் போனாள். நாங்கள் கணுக்காலோடு திரும்பினோம்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் ஓனரம்மா நிலத்தில் ஒரு பங்கை விற்று மூன்று மாடி கட்டியிருந்தார். மிச்ச நிலத்தில் கீரையும் கத்திரியும் இன்னும் அவரேதான் போட்டார், தோட்டத்துக் கிணற்று மோட்டார் நின்றால் பிரித்து மாட்டுவதும் அவரேதான். கீழே அவர், மேலே ஆறு அறைகள். இருபத்திரண்டு பெண்கள், மூன்று ஷிஃப்டு. அந்த வீட்டின் உண்மையான வார்டன் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு பழைய கம்ப்யூட்டர்.

ஓனரம்மாவின் மூத்த மகன் காலேஜ் படித்தபோது செய்து வைத்தது. எங்கள் பக்கம் த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அது வந்தால்தான் போர் மோட்டார் ஓடும். கரண்ட் வந்ததை இந்தக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும், மோட்டாரைப் போடும், மேலே தொட்டி நிறைந்ததும் நிறுத்தும். பொழுது சாய்ந்தால் மாடிப்படி விளக்கு. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் மூன்று மாடியும் அதிர மணி. மகன் வெளிநாடு போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு ஐந்து வருடம் அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஓனரம்மா ஒரு பொட்டு வைப்பார். ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து பொட்டு இருந்தது.

இரண்டாயிரத்துப் பதிமூன்று கோடையில் அதன் வயிற்றிலிருந்து 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. கரண்ட் போய் வந்தால் எழுந்திருக்கவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறது என்று எனக்கு உடனே புரிந்தது. உள்ளே இருந்த மென்பொருளோ, புது டிஸ்க் வாங்கி நேராகப் போட முடியாத அளவுக்குப் பழசு. மகனிடம் கேட்டால், "பாஸ்வேர்டே மறந்துடுச்சிம்மா" என்று சிரிக்கிறான். அது போனால் அதில் உள்ளது இன்னொரு இடத்தில் இல்லை.

"அம்மா, நான் புதுசு ஏத்தித் தரேன். ஒரே நாள் வேலை" என்றேன்.

"ஓடினு கீறத எதுக்கும்மா நோண்டுற?"

"நின்னுட்டா?"

"நின்னா நின்னதுதான்" என்றார் ஓனரம்மா. "ஒரு காண்ட்ராக்டர் நாலு மாசமா கேட்டுனு கீறான். வெளி மாநிலத்து ஆளுங்கள வச்சிக்கறதுக்கு மொத்த வூடும் வோணுமாம். தண்ணி, கரண்டு எல்லாம் அவன் பாடு. உங்க மூஞ்சிங்களுக்காவதான் வேணாம்னு சொல்லிகினு கீறேன். இந்த வயசுல டேங்கர் லாரி பின்னாடி என்னால ஓட முடியாது. தண்ணி நின்னுச்சின்னா வூட்ட அவனுக்கு வுட்டுடுவேன், சொல்ட்டேன்."

இருபத்திரண்டு பெண்களின் கூரை ஒரு டிக் டிக் சத்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரகடம் சுற்று வட்டாரத்தில் தனிப் பெண்களுக்கு அறை கிடைப்பது எவ்வளவு பாடு என்று தேடியவர்களுக்குத் தெரியும்.

நான் அன்றைக்கே ஆரம்பித்திருப்பேன். அவள்தான் கையைப் பிடித்தாள்.

"கழட்டுறது இருக்கட்டும். திரும்ப மாட்டத் தெரியுமா?"

"எதுக்குடி திரும்ப மாட்டணும்? புதுசுதான் ஓடப் போகுதே."

"ஓடலன்னா?"

இந்த 'ஓடலன்னா'வில் ஒரு வாரம் போனது. சென்னை ரிச்சி தெருக் கடையில் அதற்குப் பொருந்தும் ஒரு பழைய டிஸ்க் வாங்கி வந்து, உள்ளே இருந்ததை அப்படியே அதில் நகல் எடுத்தோம். நகலை மாட்டி ஒரு நாள் ஓட விட்டோம், அது நிஜமாகவே நகல்தானா என்று பார்க்க. பிறகு கழற்றிய மூல டிஸ்க்கைத் துணியில் சுற்றி, டிபன் கேரியரின் நடு அடுக்கில் வைத்து மூடினாள். மேலே ஒரு சீட்டு: 'வேலை செய்கிறது. தொடாதே.' கரண்ட் போய் வந்தால் நகலும் தள்ளாடித்தான் எழுந்தது, மென்பொருளையும் புதுசாக்காமல் தீராது. இனி வைத்தியமெல்லாம் அந்த நகலுக்குத்தான்.

ஐந்து வருடப் பழசிலிருந்து நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவிவிடலாம் என்று நான் சொன்னேன்.

"நடுவுல எத்தன இருக்கு?"

"கடைசியோட சேர்த்து மூணு."

"அப்ப மூணு படியும் ஏறுவோம். ஒவ்வொரு படியிலயும் நின்னு தண்ணி வருதான்னு பாத்துட்டு அடுத்தது."

"மாடிக்குப் போகச் சொன்னா நீ ஏணிக்கே இன்சூரன்ஸ் கேப்பே."

"கேட்டா என்ன, கொடுக்கவா போறாங்க?" என்றாள்.

பிரவுசிங் சென்டரில் மூன்று பதிப்பையும் டிவிடியில் இறக்கிக்கொண்டோம், மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றும் வழியையும் அங்கேயே தேடிப் பிடித்தோம். அவள் ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினாள்: விளக்கு, மோட்டார், தொட்டி நிறைந்தால் நிற்பது, மணி. பக்கத்தில் டிக் போடக் கட்டங்கள். ஓனரம்மா முனகிக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார். அந்த மாதம் த்ரீ ஃபேஸ் மதியம் இரண்டரை வாக்கில் வந்துகொண்டிருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு பார்த்து அவளுக்கு அரை நாள் ஓ.டி., கூடுதல் வேலை, விழுந்தது. "முதல் படிய ஏறிட்டு நில்லு. நான் வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

நான் நிற்கிற ஆளா? பதினொரு மணிக்குள் மூன்று படியும் ஏறிவிட்டேன். எல்லாம் வெண்ணெய் மாதிரி போனது. சோதிப்பதில்தான் சின்னச் சிக்கல். நைட் ஷிஃப்ட் பெண்கள் ஏழு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மணி அடிக்கக் கூடாது. தொட்டி தளும்பிக்கொண்டிருந்தது, மோட்டார் ஓடக் கூடாது. அதனால் மெயினை அணைத்து, கம்ப்யூட்டர் சொற்படி சுவிட்ச் போட்டுப் பச்சை விளக்கு காட்டும் ரிலே பலகையிலிருந்து மணியின் வயரையும் மோட்டாரின் வயரையும் கழற்றிவிட்டேன். பிறகு மெயினைப் போட்டு ஒவ்வொன்றாகக் கட்டளை கொடுத்தேன். டக், பச்சை. டக், பச்சை. எங்கள் லைனில் இதற்குப் பெயர் பாஸ். நாலு கட்டத்திலும் டிக் போட்டேன். மறுபடி மெயினை அணைத்து இரண்டு வயரையும் திரும்ப மாட்டினேன். இரண்டுமே சிவப்பு வயர்.

இரண்டு மணிக்கு அவள் வந்தாள். சுவரைப் பார்த்தாள்.

"எல்லாம் முடிச்சிட்டியா?" என்றாள். "தண்ணி வந்துச்சா?"

"தொட்டி நிறைஞ்சிருந்தது, எப்படி விடறது? ரிலே அடிச்சது. பச்சை எரிஞ்சது."

"பச்சையக் குடிக்க முடியுமாட்டி?"

அதற்குள் ஞாயிற்றுக்கிழமைத் துவையல் தொட்டியைக் காலி செய்துகொண்டிருந்தது. மேலே மொட்டை மாடியிலிருந்து, "தண்ணி நின்னுபோச்சு!" என்று ஒருத்தி சோப்புக் கையோடு கத்தினாள். சொல்லி வைத்த மாதிரி த்ரீ ஃபேஸ் வந்தது. டக். பச்சை.

மூன்று மாடியிலும் மணி அடித்தது.

தூங்கிக்கொண்டிருந்த ஏழு பேரும் பறந்தடித்து இறங்கினார்கள். ஒருத்தி நைட்டிக்கு மேல் ஐ.டி. கார்டு மாட்டியிருந்தாள். ஒருத்தி ஒரு காலில் மட்டும் ஷூ. "பஸ் பூட்ச்சா? பஸ் பூட்ச்சாடி?" என்று கத்திக்கொண்டே மூவர் வாசலுக்கு வெளியே வெயிலுக்கே ஓடிவிட்டார்கள். மணி நிற்கவில்லை. தொட்டி நிறைந்தால்தான் அது நிற்கும், தொட்டியோ நிறைகிற வழியாக இல்லை, ஏனென்றால் மோட்டார் அசையவே இல்லை.

ஓனரம்மா தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு வந்தார். "இன்னாடி இது, கோயில் திருவிழாவா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீ டிஸ்க்கத் தவிர வேற எதையும் தொட்டியா?"

நான் சொன்னேன்: "இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சுற்றி இருபது பேர் நின்றார்கள், மணி அடித்துக்கொண்டிருந்தது, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் மெயினை அணைத்தாள். டிபன் கேரியரைத் திறந்தாள். புதுசாக்கிய நகலைக் கழற்றி மூல டிஸ்க்கை மாட்டினாள். நாலே நிமிடம். எல்லோரிடமும், "பயப்படாதீங்க, பழசு வந்துரும்" என்றாள். பழைய கம்ப்யூட்டர் டிக் டிக் என்று மெல்ல எழுந்து, நிதானமாக யோசித்து, மறுபடி மணியை அடித்தது.

அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்கு முன் அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. மெயினை அணைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள். காலி டிபன் அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"இது பழசுட்டி. கழட்டுற வரைக்கும் ஓடுனது. நகல் எடுக்கையில நான்தான் இதையும் கெடுத்துட்டேன் போல" என்றாள். "எல்லாத்துக்கும் வீடு போச்சு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ரெண்டு வயர் கழட்டினேன்" என்றேன். "மணியோடதும் மோட்டாரோடதும். மாத்தி மாட்டிட்டேன்னு நினைக்கறேன்."

"ரெண்டே ரெண்டுதானா?"

"சத்தியமா ரெண்டுதான்."

எழுந்து போனாள். ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு வயரையும் இடம் மாற்றினாள். மெயினைப் போட்டாள். பழசு மெல்ல எழுந்து, போர் மோட்டார் உறுமியது. எல்லோரும் மேலே அண்ணாந்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நைட்டிக்காரி ஐ.டி. கார்டைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, "உன்ன ராத்திரி வந்து கவனிச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

ஓனரம்மா மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. "யாரு பண்ண வேல இது?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "நாங்க ரெண்டு பேரும்தாம்மா. வயரு மாறிப்போச்சு."

"நல்லாக் கீது. வர ஞாயித்துக்கெழம அந்த காண்ட்ராக்டர வரச் சொல்லப் போறேன். அதுவரைக்கும் எவளாவது அந்தப் பொட்டிகிட்ட போனீங்க, அன்னிக்கே காலிதான்."

சாயங்காலம் வரை அவள் என்னோடு பேசவில்லை. எதையோ எழுதிக்கொண்டும் போன் பேசிக்கொண்டும் மொட்டை மாடியிலேயே இருந்தாள். இருட்டியதும் வந்து, சுவரில் இருந்த பட்டியலை என் முன்னால் வைத்தாள். கீழே புதிதாக ஒரு தலைப்பு: 'தொட்டவை.'

"எழுது."

இரண்டு வயரையும் எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரி ஏற்கெனவே அவள் கையெழுத்தில் இருந்தது: 'பாதி வேலையில் ஓ.டி.க்குப் போனது.' அவ்வளவுதான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை டிக் டிக் இன்னும் பெரிதாகக் கேட்டது. மூல டிஸ்க் ஞாயிறு வரை தாங்காது என்று தோன்றியது. தொட்டால் காலி, தொடாவிட்டாலும் காலி.

"ஓனரம்மா கீரை பறிக்கப் போற நேரத்துல புதுசை மாட்டிடலாம். தெரியவே தெரியாது" என்றேன்.

"அது நடுவுல நின்னா? நீ டெஸ்ட்ல இருப்பே, நான் ரீவொர்க்ல இருப்பேன். இங்க இருக்கப் போறது அவுக ஒருத்திதான். அவுகளுக்கு மாட்டத் தெரியணும்."

நேராக ஓனரம்மாவிடம் போனாள். நான் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"அம்மா, நாங்க பொட்டியத் தொடல. நீங்க தொடுங்க. நான் சொல்லித் தாரேன்."

"நானா? ஏய், எனக்கு செல்போனே பச்ச பட்டன், செவப்பு பட்டன் மட்டுந்தான் தெரியும்."

"கிணத்து மோட்டாரப் பிரிச்சு மாட்டுறீகல்லா? அத விட இது லேசும்மா. ரெண்டு வயரு, நாலு ஸ்க்ரூ."

ஓனரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். புடவையை இழுத்துச் செருகினார். "டார்ச்ச புடி."

அன்று அவள் அவரிடம் மென்பொருள், பதிப்பு என்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இது பழசு, இது புதுசு. முதலில் மெயினை அணை. இந்த வால் இதில், அந்த வால் அதில். ரிலே வயர்களில் ஒன்றுக்கு மட்டும் நகப்பூச்சு வைத்துவிட்டாள், மோட்டாருடையது என்று தெரிய. ஓனரம்மா பழசைக் கழற்றி, புதுசை மாட்டினார். குழாய்களைத் திறந்து தொட்டியை இறக்கினோம். கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடியது. அவர் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறிப் போய், தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்து, நனைந்த கையோடு இறங்கினார்.

"சரி, இப்ப பழசப் போடு."

"எதுக்கும்மா? புதுசு நல்லாத்தான ஓடுது?" என்றேன் நான்.

"நீ சும்மாரு. நீ சொன்னா மணி அடிக்கும்."

பழசைப் போட்டார். ஓடியது. மறுபடி புதுசு. "இன்னொரு தபா." அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து தடவை. கடைசித் தடவை டார்ச் இல்லாமல் செய்தார். மாடிப்படி முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து கைதட்டினார்கள். வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஓனரம்மா அவளைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, நீ மாப்ளயக்கூட ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டுதான் கட்டிக்குவியா?"

"பழசு ஒண்ணு கையில இருந்தாதானம்மா ஓட்டிப் பாக்க முடியும்" என்றாள் அவள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

படியிலிருந்து ஒருத்தி சிரித்து உருண்டே விழுந்தாள். எங்கள் ரிவர்ஸ் கியருக்கு இப்படியும் பேச வரும் என்று அன்றுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து புதுசு ஓடியது. ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம் நான் படிக்கடியில் காதை வைத்துக் கேட்பேன். டிக் சத்தம் இல்லை. கரண்ட் போய் வந்தால் இரண்டே நிமிடத்தில் எழுந்தது. மணி அதன் நேரத்துக்கு அடித்தது. ஆனால் ஓனரம்மா காண்ட்ராக்டரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களாகக் கேட்கவும் தைரியம் இல்லை. "வீடு போவாது" என்று எங்களைத் தேற்றிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை காண்ட்ராக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பத்திரம் மாதிரி ஒரு தாள். நாங்கள் எல்லோரும் மாடிப்படியில் துணி காயப் போடுகிற சாக்கில் நின்றோம்.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டீங்களா? மொத்த வீடும் நான் எடுத்துக்கறேன். இந்தத் தண்ணித் தலைவலி இனிமே உங்களுக்கு வேணாம். அந்தக் கம்ப்யூட்டரக்கூட எடுத்துக் கடாசிட்டு ஆள் வச்சிக்கலாம்."

"இன்னா தலவலி?" என்றார் ஓனரம்மா.

"அதான், தண்ணி நிக்குது, மணி அடிக்குதுன்னு நீங்கதான் போன்ல சொன்னீங்க."

"அது போன வாரம். இங்க வா, காட்டறேன்."

அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். ஓனரம்மா விடவில்லை. படிக்கடியில் அவரைக் குனிய வைத்து, கையில் டார்ச்சைக் கொடுத்தார். "நேரா புடி. ஆடாத." மெயினை அணைத்து, மூடியைக் கழற்றி, புதுசை வெளியே எடுத்து அவர் மூக்குக்கு நேராகக் காட்டினார். "இது புதுசு." பழசைக் காட்டினார். "இது பழசு. எம் புள்ள வச்சது. எது படுத்தாலும் இன்னொண்ண நானே மாட்டுவேன். உன் ஆளுங்கள்ல எவனுக்கு இது வரும், சொல்லு?" ஐந்து வருடத் தூசி வெள்ளைச் சட்டை மேல் இறங்கியது. அவர் தும்மினார். டார்ச் ஆடியது. "ஆடாதன்னு சொன்னேன்ல?"

கரண்ட் வந்து மோட்டார் உறுமும் வரை அவரை விடவில்லை. பிறகு, "வூடு காலி இல்ல தம்பி. மோர் குடிச்சிட்டுப் போ" என்றார்.

அவர் மோர் குடிக்காமலே போனார். அப்புறம் நாங்கள் போட்ட கூச்சலில், பாவம், நைட் ஷிஃப்ட் பெண்கள் மறுபடி எழுந்துவிட்டார்கள். இந்தத் தடவை யாரும் ஷூ தேடவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் பரோட்டா வாங்கி வந்தோம். சால்னாவை ஊற்றப் பாத்திரம் தேடியபோது அவள் பையிலிருந்து ஒரு நோட்டு விழுந்தது. திறந்த பக்கத்தில் மூன்று வாடகை வீடுகளின் முகவரிகள் இருந்தன. பக்கத்து ஊர்களான வல்லத்தில் இரண்டு, மாத்தூரில் ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் எத்தனை அறை, எந்தக் கம்பெனி பஸ் எங்கே நிற்கும், எந்த அறையில் யார் யார் என்று இருபத்திரண்டு பெயர்களும் பிரித்து எழுதியிருந்தாள்.

"வீடு போகாதுன்னு எங்களுக்கெல்லாம் தைரியம் சொன்னியேடி?"

"போவாதுன்னுதான் நெனச்சேன்."

"அப்ப இது?"

"போயிருந்தா?"

மேலே தேதி எழுதியிருந்தது. மணி அடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை. மொட்டை மாடியில் என்னோடு பேசாமல் உட்கார்ந்திருந்தாளே, அப்போது எழுதியது. வல்லத்தில் இருந்த முதல் வீட்டைப் பார்த்தேன். அவள் பெயருக்கு அடுத்து, அதே அறையில், என் பெயர். இரண்டாவது வீட்டிலும் அப்படித்தான். மாத்தூர் வீட்டிலும்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சால்னா ஆறுது, எடுட்டி" என்று பாத்திரத்தை நீட்டினாள்.